விலை பேசும் முன் மச்சில் ஏறிப் பார்க்கும் இரண்டு பேர்: 7,500 ரூபாய் கொடுத்த அனுபவம்

பழைய வீட்டை வாங்கி, சரி பண்ணி, வாடகைக்கு விடலாம் அல்லது கொஞ்ச வருஷம் கழித்து விற்கலாம் என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அலைகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். மூன்று வருஷத்தில் பார்த்த வீடு முப்பதுக்கு மேல் இருக்கும், வாங்கியது இரண்டு. இந்த அலைச்சலில் எனக்கு உபயோகப்பட்ட ஒரு சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேவை என்றால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அவரோடு எழுபதை நெருங்கும் ஒரு தச்சு மூத்தாசாரி, இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். நாம் வாங்க நினைக்கும் வீட்டை இரண்டு இரண்டரை மணி நேரம் தட்டி, குத்தி, மோந்து பார்த்துவிட்டு, நாலு பக்கத்தில் கையால் எழுதிக் கொடுப்பார்கள். போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் எங்கே கூப்பிட்டாலும் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, அதனால் பெயரும் இங்கே வேண்டாம், குறை சொல்லவும் எனக்கு இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது.

எதற்கு இவர்கள், நம்ம கொத்தனாரைக் கூட்டிப் போனால் போதாதா என்று என் மச்சான் கேட்டார். முதலில் பார்த்த வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன். கொத்தனார் வந்து பார்த்ததும் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் யோசிப்பார், வாங்கலாமா கூடாதா என்று யோசிக்க அவருக்கு என்ன அவசியம்? அப்புறம், 'வாங்கித் தருகிறோம், புதுப்பித்துத் தருகிறோம், வாடகைக்கும் ஆள் பிடித்துத் தருகிறோம்' என்று மொத்தமாகச் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள், அவர்கள் வீட்டை இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். ஒருவர் வந்தார், கையில் டேப், டைல்ஸ் படம் போட்ட புத்தகம், இருபது நிமிஷத்தில் பதினாலு லட்சத்துக்கு எஸ்டிமேட். மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. இலவசமாகப் பார்க்கிறவர் வேலையில்தான் காசு எடுக்க வேண்டும், அது அவர் குற்றம் இல்லை, ஆனால் என் பணம்.

ஓவர்சியர் சாரிடம் நான் முதலில் காட்டியது குளச்சல் பக்கம் கடற்கரைக்குக் கிட்டே ஒரு கான்கிரீட் வீடு. 1996-இல் கட்டியது, உடையவர் வளைகுடாவில், சாவி புரோக்கர் கையில். வெளியே புதுப் பெயின்ட் அடித்து, கேட்டுக்கு வெள்ளிப் பூச்சு பூசி, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. புரோக்கர் வழக்கம்போல "இப்பம் எடுக்கலேன்னா நாளைக்கு கெடைக்காது சாரே, ரெண்டு பார்ட்டி நிக்கி" என்றார். சார் உள்ளே போனவர் பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய எட்டணாவை எடுத்து, நாற்காலி போட்டு ஏறி, சீலிங்கில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே நகர்ந்தார். கல்லில் தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது, கிழக்கு அறையில் மட்டும் திடீரென்று காலி டப்பாவில் தட்டுகிற மாதிரி பொத்தென்று ஒரு சத்தம். அந்த அறைக்கு மட்டும் சீலிங்கில் இரண்டு கோட்டிங் கூடுதலாக இருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். சாவியால் லேசாகச் சுரண்டினார், ஒரு கை அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

அவர் விளக்கியதை நான் மறக்கவில்லை. உப்புக் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கும், கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும், துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும், அதனால் கம்பி ஊதிக் கான்கிரீட்டை வெளியே தள்ளும். மேலே எத்தனை சிமென்ட் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். கட்டும்போது கடல் மணலைக் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டிய மாதிரி. ரிப்போர்ட்டில் ஒரே வரி: 'நிலத்துக்கு மட்டும் விலை பேசவும், கட்டடத்துக்கு மதிப்பு இல்லை, இடிக்கிற செலவைக் கழிக்கவும்.' சரி இடித்துப் புதிதாகக் கட்டலாமே என்றால், கடலிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், அனுமதி இல்லாமல் கட்ட முடியாது, எத்தனை மீட்டர் தள்ளி என்பதை முதலில் பார் என்று அதையும் அவரே சொன்னார். அந்த வீட்டை விட்டுவிட்டேன். புரோக்கர் ஒரு மாதம் என் போனை எடுக்கவில்லை. 7,500 ரூபாயில் அன்றைக்கு நான் தப்பித்தது எத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

இனி நான் வாங்கிய வீடு. தக்கலைக்குக் கொஞ்சம் உள்ளே, பத்மநாபபுரம் நகராட்சி எல்லைக்குள், ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் மச்சு போட்ட இரண்டு அறை, பின்னால் அடுக்களை, ஒரு கிணறு, மூன்று தென்னை. பத்திரத்தில் எட்டரை சென்ட். கேட்ட விலை 32.5 லட்சம். நான் போய்ப் பார்த்தது மாசி மாதம், வெயில் காய்ந்து, சுவரெல்லாம் எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. போன் பண்ணினதும் சார் கேட்ட முதல் கேள்வி, "மழையில் பாத்தீங்களா?" என்பதுதான். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நம் தலையில்தான், அதனால் பழைய வீட்டை மழைக்காலத்தில் பார்க்காமல் வாங்குவது ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் பண்ணுவதை விட மோசம் என்பார். புரோக்கர்கள் எல்லோரும் தை மாசியில்தான் வீடு காட்டத் துடிக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? நான் ஆனி வரைக்கும் இழுத்தடித்தேன். விற்கிறவர்களுக்கும் அவசரம் இல்லை.

அன்று தூறல். ஆசாரி வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அந்தப் பாட்டியிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஒக்கியில இந்த வீட்டுக்கு என்ன ஆச்சு அம்மா?" என்று ஆரம்பித்தார். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்ததில் இந்த மாவட்டத்தில் மரம் விழாத தெரு இல்லை. பாட்டி சொன்னார், பின்னால் நின்ற பலா அடுக்களை மேல் விழுந்தது, முகடு முறிந்தது, "பெறவு அவசரத்துக்கு கெட்டினாங்க" என்று. அடுத்த கேள்வி, 2021 நவம்பர் மழையில் தண்ணீர் ஏறியதா. முற்றம் வரைக்கும் வந்தது, உள்ளே வரவில்லை. இந்த இரண்டு பதிலையும் எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார், எந்தச் சான்றிதழிலும் இருக்காது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறேன்.

அப்புறம் ஏணி வைத்து மச்சுக்கு மேலே ஏறினார்கள், நானும் பின்னால். வவ்வால் புழுக்கை வாடை, தேங்காய் மட்டைகள், ஒரு உடைந்த தொட்டில். ஆசாரி வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஓட்டைத் தாங்கும் ஒவ்வொரு கைமரத்தையும், அவர் கழுக்கோல் என்பார், விரல் முட்டியால் தட்டினார், சுவரில் போய் உட்காரும் முனையில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். மரம் எப்போதும் அந்த முனையில்தான் முதலில் போகும், ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் சுவர் தலைப்பில் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும். நடு வீட்டில் இருபத்திரண்டு கைமரத்தில் மூன்றில்தான் ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மீதியெல்லாம் கெட்டியான அயனி மரம். "சாரே, இது அறுபது வருசத்துக்கு முந்தின அயனியாக்கும். இப்பம் இந்த வண்ணத்துல மரம் வாங்கணும்னா வீட்ட வித்தாலும் நடக்காது" என்றார். அடுக்களைக்கு வந்ததும் முகம் மாறியது. ஒக்கிக்குப் பிறகு போட்டது அத்தனையும் ஏதோ மட்டமான மரம், பாதிக்குப் பாதி சிதல், அதாவது கரையான், தின்றிருந்தது, மேலே ஆயில் பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். விரலால் அழுத்தினால் பெயின்ட் மட்டும் தோல் மாதிரி உள்ளே போகிறது.

கீழே சார் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு ஈரம், உப்பு பூத்திருந்தது. சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, யாரோ பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், அதே மாதிரி வெளியேயும் விடும், சிமென்ட் போட்டு அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சிமென்ட்டை உரித்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பே பூசு, ஒரு மாதம் பெயின்ட் அடிக்காமல் காயப் போடு, சுவரை ஒட்டி வெளியே மண் ஏறிக் கிடப்பதை வெட்டி எடுத்து ஓடை போடு என்று எழுதினார். பழைய வீட்டில் கை வைக்கிறவர்கள் யாருக்காவது ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் நம்ம ஊரில் பத்துக்கு எட்டு கான்ட்ராக்டர் ஈரச் சுவரைப் பார்த்ததும் சிமென்ட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும்தான் சொல்கிறார், ஒரு வருஷம் நன்றாக இருக்கும், அதற்குள் நீங்கள் பில் கட்டியிருப்பீர்கள்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இவர்கள் பத்திரம் பார்ப்பதில்லை. முதலிலேயே சொல்லிவிடுவார்கள், அது நேர்மை. ஆனால் முதலீட்டுக்கு வாங்குகிறவன் பணம் தொலைப்பது சுவரில் கொஞ்சம், பிரமாணத்தில், அதாவது பத்திரத்தில்தான் அதிகம். இந்த வீட்டின் மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம். வக்கீல் ஒரு வயதான எழுத்தரைப் பிடித்துப் படிக்க வைத்தார், எல்லைகள் எல்லாம் இன்னாருடைய விளை, இன்ன ஓடை என்று இருக்கிறது, அந்த ஆளும் இல்லை, ஓடையும் இப்போது ரோடு. பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் பொருத்திப் பார்த்து, புலப்படத்தை வைத்து அளந்தால் எட்டரை சென்ட் என்பது 7.9 தான் வந்தது. அதைக் காட்டித்தான் ஒன்றரை லட்சம் குறைத்து 31-க்கு முடித்தேன். அளக்காமல் வாங்கியிருந்தால் அது என் தலையில்.

அடுத்தது கையெழுத்து. உடையவர் உயில் எழுதாமல் இறந்துபோனவர், கிறிஸ்தவக் குடும்பம், இரண்டு மகன், இரண்டு மகள். மகன்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட ரெடி, பெண்களைக் கேட்டால் "அவளுகளுக்கு அப்பமே சீதனம் குடுத்தாச்சு" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் வீட்டில் நம்பியிருக்கிறார்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் பெண்ணுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான், அதுவும் சீதனம் வாங்கியிருந்தால் இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-லிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் ஆகியும் நம்ம பக்கம் பல வீடுகளில் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வக்கீல் ஒரே பிடியாக நின்றார், இரண்டு பெண்களும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிவு என்று. மூத்தவர் மார்த்தாண்டத்தில், வந்தார். இளையவரைச் சமாதானப்படுத்த ஏழு வாரம் ஆயிற்று, அண்ணன்மார் அவருக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள் என்று கேள்வி, நல்லதுதான்.

ஒற்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது இங்கே சர்வ சாதாரணம், அதை எல்லோரும் பதிவு செய்வதில்லை, பதிவு செய்யாதது வில்லங்கச் சான்றில் வராது. வாங்கின பிறகு உள்ளே இருப்பவர் "என் பணத்தைத் தந்தா எறங்குகேன்" என்று உட்கார்ந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குடியிருப்பவரிடம் நேரில் பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அட்வான்ஸும் பேங்க் வழியாகக் கொடுங்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்துக்கு ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், நம்ம ஊரில் பாதி வீடு அப்படித்தான், தொகை சின்னதானாலும் வாங்குகிற நீங்கள்தான் வரி பிடித்துக் கட்ட வேண்டும், உள்ளூர்க்காரர் விற்றால் ஐம்பது லட்சத்துக்குக் கீழே வரி பிடிக்க வேண்டாம் என்கிற கணக்கு அங்கே செல்லாது. குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி மலையோரம் போகிறவர்கள் தனியார் காடு பட்டியல், மலையிடப் பாதுகாப்புப் பட்டியல் என்று கட்டுப்பாடு உள்ள இடங்களின் பட்டியல் இரண்டிலும் அந்த இடம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், கோவில் நிலம் எங்கேயும் இருக்கலாம். சரி, இது வக்கீல் வேலை, நான் சேவைக்கு வருகிறேன்.

ரிப்போர்ட்டில் ரிப்பேர் செலவு 6.8 லட்சம் என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஆனது 8.9. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் எங்கே போனது? 70,000 செப்டிக் டேங்க். பழைய குழி கிணற்றிலிருந்து பதினாலு அடியில் இருந்தது, மூடி மேல் மண் போட்டு வாழை வைத்திருந்தார்கள், இவர்கள் கேட்கவும் இல்லை, தோண்டவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. 60,000 வயரிங். பாதி மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தார்கள், பலகையைத் திறந்தால் எர்த்தே இல்லை, அத்தனையையும் உருவிப் போட வேண்டியதாயிற்று. 45,000 மரம், கைமரங்களுக்கு அவர்கள் போட்ட விலை பழைய விலை. மீதி 35,000 நான் முற்றத்தில் கல் பதித்தது, அதற்கு அவர்கள் பொறுப்பு இல்லை. சாரிடம் செப்டிக் பற்றிக் கேட்டபோது "மண்ணுக்கு அடியில் இருக்கிறது எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கக்கூஸ் இருக்கிறது என்றால் குழி எங்கே என்று கேட்க மண்ணைத் தோண்ட வேண்டாம். மரத்திலும் சுவரிலும் இவர்கள் கெட்டி, குழாய், கரண்ட், கழிவுநீர் மூன்றிலும் சுமார். நீங்கள் கூப்பிட்டால் ஒரு எலக்ட்ரீஷியனைத் தனியாகக் கூட்டிப் போங்கள், 500 ரூபாய் கொடுத்தால் பலகையைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

இன்னொரு குறை. அடுக்களைக் கூரையைப் பிரித்துப் போட ஆள் சொல்லுங்கள் என்றேன், ஆசாரி ஒரு பையனை அனுப்பினார். வேலை பிரமாதம், கைமர முனைகளில் சிதல் எண்ணெய் தேய்த்து, சுவர்த் தலைப்பில் ஒரு விரல் காற்றோட்டம் விட்டு, ஓடு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து உடைந்ததை மட்டும் மாற்றி, மொத்தச் செலவில் எனக்கு மன நிறைவான பகுதியே அதுதான். பாதி வேலையில்தான் தெரிந்தது, பையன் ஆசாரியின் மருமகன். சொல்லியிருந்தாலும் அவனைத்தான் வைத்திருப்பேன். ஆனால் கேட்டதும் சிரித்துக்கொண்டே "நல்ல பயலாக்கும் சாரே" என்றாரே தவிர, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு யாரிடமாவது ஒரு விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. கூரையைப் பிரிக்கிற வேலையை நவம்பர் கடைசியில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மழை, இன்னொரு பக்கம் கோட்டாறு சவேரியார் திருவிழா, டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை, அது முடிந்தால் கிறிஸ்துமஸ், அப்புறம் புத்தாண்டு, பொங்கல். ஆள் வர மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கு அடுக்களை பதினோரு நாள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. கொத்தனாருக்கு 1,200, கையாளுக்கு 900 என்று கொடுத்தேன், வந்தால்தானே கொடுக்க.

தரை விஷயத்தில் எனக்கும் சாருக்கும் இன்னும் வாக்குவாதம் உண்டு. நடு அறையில் சிவப்பு ஆக்சைடு தரை, கண்ணாடி மாதிரி, ஒரு வெடிப்புதான். டைல்ஸ் போடக் கூடாது, பாவம் என்றார் சார். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பார்க்க உலகமே டிக்கெட் எடுத்து வருகிறது, நீ வீட்டுக்குள் இருப்பதை உடைக்கப் போகிறாயா என்று கேட்டார். விட்டேன். வாடகைக்கு வீடு பார்க்க வந்த முதல் ஐந்து குடும்பத்தில் நாலு பேர் "தரை பழசா இருக்கே, டைல்ஸ் போட்டுத் தருவீங்களா" என்று கேட்டார்கள். ஐந்தாவது ஒரு ஆசிரியை, அவருக்குத் தரை பிடித்திருந்தது, வந்துவிட்டார். இடையில் இரண்டு மாதம் வீடு காலி. ரசனைக்கும் வாடகைக்கும் சம்பந்தம் கிடையாது. குடிவருகிறவர்கள் கேட்பது வெஸ்டர்ன் டாய்லெட், கார் நிறுத்த இடம், தண்ணீர் கஷ்டம் இல்லாமை, இவ்வளவுதான்.

கணக்கைச் சொல்கிறேன், முதலீட்டுக்கு என்று நினைப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு 31 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2,79,000. புரோக்கர் 31,000. வக்கீல், அளவை எல்லாம் சேர்த்து 18,000. ரிப்பேர் 8.9 லட்சம். மொத்தம் 43.18 லட்சம். வாடகை மாதம் 11,000, வருஷத்துக்கு 1,32,000, அதாவது நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம், அதிலும் வீட்டு வரி, ஒரு கோட்டிங் பெயின்ட் எல்லாம் கழிக்க வேண்டும். பேங்கில் போட்டிருந்தால் இதை விட அதிகம் வந்திருக்கும், அதை மறைக்க எனக்கு ஆசை இல்லை. தக்கலைப் பக்கம் உள்ளூர் வாடகையை நம்பி யாரும் பழைய வீடு வாங்காதீர்கள். நிலம் ஏறும் என்ற நம்பிக்கையில்தான் நான் வாங்கினேன். உடனே விற்று லாபம் பார்க்கலாம் என்றாலும் சிக்கல், 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுக்க வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்துக்கே வரி, அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். ரிப்பேர் பில் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், வீட்டை மேம்படுத்திய செலவை லாபத்தில் கழிக்கலாம். கொத்தனார் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது ஆடிட்டரிடம் செல்லாது.

இவர்களிடம் காட்டிய மூன்றாவது வீடு, நான் வாங்கியதில் இரண்டாவது, ஆசாரிப்பள்ளம், மெடிக்கல் காலேஜ் பக்கம், மூன்று சென்ட், மாடியோடு சின்ன கான்கிரீட் வீடு. நர்ஸ் வேலை பார்க்கிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள், வாடகையில் இது எவ்வளவோ தேவலை. சாரும் ஆசாரியும்தான் பார்த்துச் சொன்னார்கள், நல்ல ரிப்போர்ட். ஆடியில் மேற்குச் சுவர் நனைந்து ஊறியது, கோபத்தோடு போன் பண்ணினேன். "நாலாவது பக்கத்தை எடுத்துப் பாருங்க" என்றார் சார். எடுத்தேன். 'மழையில் மறுபடி பார்க்காமல் மேற்குச் சுவருக்கு உத்தரவாதம் இல்லை, இரண்டாம் முறை வர கட்டணம் கிடையாது' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார். நான்தான் வேறு பார்ட்டி வந்துவிடும் என்று பங்குனியிலேயே பத்திரம் முடித்தவன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஓட்டு வீடு, மரம் போட்ட பழைய வீடு என்றால் நாலரை.

கூப்பிடுகிறவர்களுக்கு: சார் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். ஆசாரியும் வருவாரா என்று கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளுங்கள், சார் மட்டும் வந்தால் மேலே ஏற மாட்டார், முழங்கால் வலி. ஏணி நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், பதினாலு அடியாவது இருக்க வேண்டும், நான் முதல் தடவை பத்தடி ஏணி கொண்டு போய் அரைநாள் வீணாயிற்று.